முந்திக்கொண்ட எறும்பு

புற்றுநோய் கொண்டுபோன மார்பு இருந்த இடத்தில், ஃபிளோராவின் வயிற்றுச் சதையையே வைத்து, நரம்பையும் இணைத்துத் தைத்திருந்தார் டாக்டர். உணர்ச்சி மெல்லத் திரும்புமாம். பதினான்கு மாதமாக அவள் கணவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வுபெற்ற மண்டோர் ஆரோக்கியநாதன், தினமும் தொட்டுக் கேட்டார்.

"தெரியுதா?"

"இல்லீங்க."

அன்று பெடாஸ் தோட்டத்தில் ரம்புத்தான் பறிக்கும்போது அவள் அலறினாள். "ஐயோ, எறும்பு! அங்கதாங்க கடிச்சிருச்சு! வலிக்குதுங்க!" அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆரோக்கியநாதனுக்கு வயிறு எரிந்தது. காத்திருந்தவர் இவர், முந்திக்கொண்டது எறும்பு. மரத்திலிருந்த நாலாயிரம் எறும்புகளையும் காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட நிறுத்துவதுபோல் வரிசையாக நிறுத்தி விசாரித்தார். ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

"போதும்லா, வாங்க. நீங்க தொடுங்க."

தொட்டார்.

"கை ஏங்க இப்படி சில்லுனு இருக்கு?"

அதன் பிறகுதான் பெரட்டைக் கலைத்தார்.