மடித்த கையின் பிடி

...நாற்பதாம், இந்தச் சந்தியோகுவின் பிடி நாற்பதாம், குருநகரில் யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள், சிரிப்பார்கள், நனைந்த வலைக்கயிற்றை நான் பிடித்தால் பின்னால் நிற்கிற ஐந்து பேருக்கும் சும்மா நிற்கிற வேலைதான், ஆனால் பிரஷர் பார்க்கிற ரப்பர்ப் பையைச் சுருட்டிக் கையில் தந்து அமத்தச் சொன்ன இந்தப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற கொக்குவில் பியாட்றிஸ், பாதரசம் ஏறிய இடத்தைப் பார்த்து நாற்பது என்று எழுதுகிறாள்... சண்டையில் ஊரில் கரண்ட் போய் இரண்டு வருடம், கரண்ட் இல்லாமல் வேலை செய்கிற ஒரே மிசின் இதுதான், அதுவும் என்னை அவமானப்படுத்தவா? இரண்டு வள்ளங்களுக்கு நடுவில் நசுங்கி முறிந்த மணிக்கட்டு பொருந்திவிட்டது, பிளாஸ்டர் வெட்டி இரண்டு மாதம், பிடி மட்டும் வரவில்லை, திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் முன்கயிற்றில் என் இடத்துக்கு, பின்னால் நிற்கிற லியோனை விடுகிறேன் என்று வள்ளமும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டி கனிசியஸ் சொல்லிவிட்டான், லியோனாம், அவன் கை கயிறு பிடிக்கிற கையா, செபமாலை பிடிக்கிற கை.

"அண்ணை, அமத்தேக்கை மணிக்கட்டை ஏன் உள்ளுக்கு மடிக்கிறியள்?" என்றாள், அப்போதுதான் பார்த்தேன், ஓம், மடிந்துதான் கிடக்கிறது... விரலை மடக்குகிற தசை முழங்கைப் பக்கம் இருக்கிறதாம், மணிக்கட்டை மடித்தால் அது முதலே சுருங்கிவிடுமாம், பிறகு இழுக்க நீளமில்லையாம், மட்டுக்கு மிஞ்சி நீண்டாலும் பலம் வராதாம், நடு நீளத்தில்தான் முழுப் பலமாம்... இதைத்தானே பிள்ளை நான் இருபத்தைந்து வருடமாகச் செய்கிறேன், கையை நெஞ்சோடு மடக்கியும் இழுக்கமாட்டேன், முழுக்க நீட்டியும் இழுக்கமாட்டேன், ஒரு புத்தகமும் படிக்காமலே. அவள் என் மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தாள். "இப்ப அமத்துங்கோ." அமத்தினேன், எண்பது, நூறு, நூற்று அறுபது, அவள் புருவம் ஏறியதைப் பார்க்கவேண்டும், முன்கயிறு என்னுடையது, கனிசியஸ் வந்து பார்க்கட்டும்.

"சோக்கான பிடி. பிறகேன் இவ்வளவு நாளும் மடிச்சு வைச்சிருந்தனீங்கள், நோகுதே?" "இல்லைப் பிள்ளை." நோவு ஒருநாளும் இல்லை... பிளாஸ்டர் வெட்டிய அன்று, மெலிந்து வெளுத்துப்போன கையை என் மனுசி யோசப்பின் பார்க்கக்கூடாதென்று மணிக்கட்டை மடித்து இடுப்புச் சாரத்துக்குள் செருகினேன், பிறகு கோயிலில், பிறகு கரையில், கனிசியஸ் எதிரே வரும்போதெல்லாம்... அப்படியென்றால் பலம் போகவே இல்லையா, நான்தான் ஒளித்து ஒளித்து மடித்தே பழக்கிவிட்டேனா... "காரணம் எழுதோணும் அண்ணை, சொல்லுங்கோ" என்று பேனையோடு காத்திருக்கிறாள், நான் அவள் எழுதிய நூற்று அறுபதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.