ஆறு துளைத் தோட்டம்

எங்கள் வீட்டில் தழை இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. ரெய்ஹான், தர்ஹூன் என்ற எங்கள் ஊர் வாசனைத் தழைகள், புதினா, வெங்காயத்தாள் எல்லாவற்றையும் நீளத் தட்டில் மலையாகக் குவித்து மேசை நடுவில் வைப்பாள் என் மனைவி மஹீன். ரொட்டியைக் கிழித்து ஒரு பிடி தழையை அதில் சுருட்டி, கோழிக்கறியும் கடலை மாவும் பிசைந்து சூப்பில் வேகவைத்த கோண்டி உருண்டையோடு கடித்துக்கொள்ள வேண்டும். ஈரானில் இஸ்ஃபஹானில் இருந்தபோதும் அப்படித்தான், இஸ்ரேலில் ஹோலோனுக்கு வந்த பிறகும் அப்படித்தான். தழையில் பூச்சி இருக்குமே என்று எங்களில் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. கழுவினோம், தின்றோம். என் அப்பா தொண்ணூறு வயது வரை திடமாக இருந்தார்.

கேட்டவன் என் மகன் ஓஃபிர். ஒரே மகன். வாலிபத்தில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கடற்கரையே கதியென்று கிடந்தவனுக்குத் திடீரென்று பக்தி முற்றியது. கறுப்புத் தொப்பி, தாடி, பக்திமான்கள் குடியிருக்கும் ப்னே ப்ராக்கில் வீடு, ருஹாமா என்றொரு மனைவி, வரிசையாகப் பிள்ளைகள். நாங்களும் யூதர்கள்தான், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து சபாத் ஓய்வுநாள் தொடங்குமுன் விளக்கேற்றுகிறோம், பன்றி தொடமாட்டோம். அது போதாதாம். "இலையில ஒட்டிக்கிட்டிருக்கற ஒரு பூச்சி வாய்க்குள்ள போனா பன்றி தின்னறதைவிட மோசம்பா" என்று எனக்கே பாடம் நடத்தினான். உன்னை வளர்த்ததே அந்தத் தழைதானடா என்று கத்தினேன். அவன் தாடியைத் தடவிக்கொண்டான்.

வராமல் இருக்கமாட்டார்கள். மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை குடும்பமாக வருவார்கள். ருஹாமா ஒரு பெரிய பையில் டப்பா டப்பாவாகச் சாப்பாடு, காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி எல்லாம் கொண்டுவந்து எங்கள் மேசையில் பரப்புவாள். மஹீன் எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். பெற்ற பிள்ளை தன் வீட்டுக்கு வந்து டப்பாச் சோறு தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியும். நான் அதைக் கோபமாக மாற்றி ருஹாமா மேல் வைத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது. ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று.

மஹீன் மேலும் தப்பு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் ருஹாமா என்ன கேட்டாலும் இவள் "ஆமா ஆமா, எல்லாம் சுத்தம், நீ சாப்பிடு கண்ணு" என்பாள். கறியும் பாலும் ஒட்டக் கூடாது என்பது அவர்கள் சட்டம். கறிக்குத் தனிப் பாத்திரமா? ஆமா. பாலுக்குத் தனிக் கரண்டியா? ஆமா. ஒருநாள் ருஹாமா கறிக் கரண்டி எடுக்க இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே வெண்ணெய் ஒட்டிய கத்தி கிடந்தது. அப்படியே மூடிவிட்டாள். அதற்கு அடுத்த மாதம்தான் டப்பாக்கள் வந்தன. மஹீன் சொல்லும் 'ஆமா'வுக்கு அந்தக் குடும்பத்தில் அதோடு மதிப்புப் போய்விட்டது.

பிறகு இவள் ஒவ்வொன்றாக மாற்றினாள். பாத்திரம் எல்லாம் புதிது, கழுவும் தொட்டி இரண்டு, கறி அவர்கள் சொன்ன கடையில். போன கோடையில் ஓஃபிர் போன் செய்தான்.

"கீரை ஒண்ணுதாம்மா பாக்கி. மத்ததெல்லாம் சரின்னு ருஹாமாவே சொல்லிட்டா."

"பூச்சியில்லாத கீரைன்னு நைலான் பையில விக்கறானே, அதை வாங்கட்டா?"

"வாங்கலாம். ஆனா அதுல தர்ஹூன் வராதேம்மா."

"வராது. வர்ற புதினாவும் மூச்சடைச்சு செத்துப்போய்த்தான் வருது."

"வீட்டுக்குள்ளயே மண்ணில்லாம, சன்னலைச் சாத்தி வளர்த்தா கழுவிட்டு சாப்பிடலாம்னு எங்க குரு ரப்பி சொல்லிட்டார். தண்ணில வளர்க்கற மெஷின் இருக்கு. அடுப்படி மேடைலயே வைக்கலாம். சின்னதுதான்."

போனை வைத்துவிட்டு மஹீன் என்னைப் பார்த்தாள். "செருப்பைப் போடுங்க பர்வீஸ்" என்றாள்.

வீட்டுச் சாமான் கடையில் அந்த மெஷின்களுக்கென்றே ஒரு மூலை இருந்தது. தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் துளை போட்ட மூடி, துளைக்குள் பஞ்சுக் குப்பி, தலைக்கு மேல் கம்பத்தில் விளக்கு. அவ்வளவுதான் தோட்டம். விலைச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. விற்கிற பையன் நேராக இருப்பதிலேயே பெரியதிடம் கூட்டிப் போனான்.

"இது போன்லயே பேசும்மா. தண்ணி குறைஞ்சா சத்தம் போடும். உரம் குறைஞ்சா சத்தம் போடும்."

"சனிக்கிழமையும் போடுமா?"

"எல்லா நாளும் போடும்."

"அதை எப்படி நிறுத்தறது?"

"போன்ல ஒரு தட்டு தட்டினா நிக்கும்."

"என் பையன் இனி சபாத்துக்கு வந்து தங்கினா அன்னிக்குப் போனைத் தொடமாட்டான். அவன் இருக்கறப்போ நானும் தொடமாட்டேன். அது பாட்டுக்கு நாள் முழுக்கக் கத்திட்டிருக்குமா? அடுத்தது."

அடுத்ததற்கு நடுத்தர விலை, பார்க்கவும் லட்சணம். "இதுக்குக் கண்ணு இருக்கும்மா. நீங்க கிட்ட வந்தாலே விளக்கு பிரகாசமாகும்" என்றான். மஹீன் கிட்டப் போனாள், பிரகாசமானது. தள்ளி வந்தாள், மங்கியது. மறுபடி போனாள். எனக்கே ஆசையாக இருந்தது.

"அப்போ சபாத் அன்னிக்குத் தண்ணி குடிக்க அடுப்படிக்குள்ள போனாலே நான் விளக்கேத்தின மாதிரிதானே? அன்னிக்கு விளக்கேத்தவே கூடாதே."

"அது தானா எரியுதும்மா."

"என் மருமககிட்ட நீ வந்து சொல்றியா?"

மஹீன் கையைக் கட்டிக்கொண்டு, "எதுவும் தெரியாத மெஷின் ஒண்ணு காட்டுப்பா. கண்ணு வேண்டாம், வாய் வேண்டாம்" என்றாள்.

அவன் முகம் தொங்கிப்போய்விட்டது. கீழ்த்தட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டியை இழுத்து வைத்தான். ஆறு துளை. விளக்குக்கு ஒரு வயர், தண்ணீரைச் சுற்றிவிடும் மோட்டாருக்கு ஒரு வயர். நாங்கள் சபாத்துக்கு விளக்குகளை மாட்டி வைக்கிற நேரக் கடிகாரத்தில் இதையும் மாட்டிவிட்டால் தானே எரிந்து தானே அணையும். தொட்டியை வெள்ளிக்கிழமை நிரப்பினால் அடுத்த வெள்ளிவரை கவலையில்லை. கடையிலேயே மலிவானது அதுதான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தெய்வ சட்டம் ஒரு தடவையாவது என் சட்டைப்பைக்குச் சாதகமாகப் பேசியது.

"இதுலயே பன்னெண்டு துளை இருக்கு, விலை கொஞ்சம் கூட" என்றான் பையன். மஹீன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆறு துளையில என்ன வந்துரும் பர்வீஸ்?"

"பெத்தது ஒருத்தனைத்தானே, போதும் போதும்" என்று நான் பணத்தை நீட்டிவிட்டேன்.

அந்தக் கோடையும் அதன் பிறகு வந்த பண்டிகைகளும் அந்தப் பெட்டியைச் சுற்றியே நடந்தன. சன்னலைத் திறக்கக் கூடாது. அடுப்படி வெந்து கிடந்தது. சந்தைப் பை அந்த மேடைப் பக்கமே வரக் கூடாது. ரெய்ஹான் முதலில் வந்தது, நல்ல மணம். தர்ஹூன் ரொம்ப நாள் அழிச்சாட்டியம் செய்துவிட்டு மெலிந்த குச்சியாக எழுந்தது. மஹீன் தினமும் காலையில் அதனிடம் போய்க் குசலம் விசாரிப்பாள். என்னை விசாரித்து எத்தனையோ காலமாயிற்று.

கடைசியில் ஓஃபிர், "இந்த வியாழக்கிழமை உங்க வீட்டுச் சாப்பாடே சாப்பிடறோம்மா" என்றான். அன்று காலை அவள் கத்தரியோடு நின்று பறித்தாள். பறித்தது முழுவதையும் அந்த நீளத் தட்டில் வைத்தாள். தட்டின் நடுவில் ஒரு சின்னக் கொத்தாகக் கிடந்தது. சுற்றிலும் வெள்ளைத் தட்டு பளபளவென்று தெரிந்தது.

"சின்னத் தட்டுல வையேன்" என்றேன்.

அவள் பரம்பரையையே நான் ஏசிவிட்டதுபோல் என்னைப் பார்த்தாள். "என் வீட்ல சின்னத் தட்டா? ஒன்பது வருஷம் கழிச்சு என் கையால சாப்பிட வர்ற பிள்ளைக்கு நாலு இலையை எண்ணி வைக்கவா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது பை நிறையச் சந்தைத் தழை. பால்கனியில் ஒரு வாளியை வைத்து உப்பும் வினிகரும் கலந்து ஊறவைத்தாள், அலசினாள், மறுபடி அலசினாள். ஒவ்வோர் இலையாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே கொண்டுவந்து மெஷின் தழையோடு கலந்து மலையாகக் குவித்தாள்.

"அவனுக்குத் தெரியவேண்டாமா?" என்றேன்.

"ஒரு பூச்சி இல்ல. என் கண்ணால பார்த்தேன்."

உண்மையைச் சொல்லப்போனால் எனக்குத் திருப்திதான். பூச்சி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அவன் ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்று இருந்தது.

மாலையில் வந்தார்கள். பிள்ளைகள் ஓடிப்போய் மெஷினைச் சுற்றி நின்று முகர்ந்தார்கள். ஓஃபிர் குனிந்து குப்பிகளைப் பார்த்தான், சன்னல் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்தான், தலையாட்டினான். ருஹாமா பையைக் கொண்டுவந்திருந்தாள். ஆனால் திறக்கவில்லை, நாற்காலிக்கு அடியில் வைத்தாள். மஹீன் எங்கள் பீங்கான் தட்டுகளை அவர்கள் முன்னால் வைத்தாள். அவள் கை சும்மா இல்லை, தட்டை நகர்த்துவதும் துணியை நீவுவதுமாக இருந்தது.

கை கழுவி, ரொட்டிக்குச் சொல்லவேண்டிய ஜெபத்தைச் சொல்லி, ஒரு துண்டு தின்றாயிற்று. ஓஃபிர் அந்த மலையைப் பார்த்துச் சின்னப் பிள்ளையாகச் சிரித்தான். "இவ்வளவா வந்துச்சு அந்தப் பெட்டியில?" என்றான். அவன் ரொட்டியைக் கிழித்தான், ஒரு பிடி எடுத்தான், சுருட்டினான்.

"இரு" என்றாள் மஹீன்.

அவன் கை நின்றது.

"அதுல பாதி சந்தைத் தழை. கொஞ்சமாத்தான் வந்துச்சு. வெக்கமா இருந்துச்சு, வாங்கிக் கலந்துட்டேன்."

ஓஃபிர் ரொட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். "எதும்மா மெஷின்ல வந்தது? அதை மட்டும் எடுத்துக்கறேன்."

"தெரியல கண்ணா. எல்லாம் ஒண்ணாப் போச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பேன். இத்தனை வருஷம் காத்துக்கிடந்துவிட்டு, வாய்க்குப் போகிற நேரத்தில் இவளுக்கு என்ன கேடு? "மூணு தடவை கழுவியிருக்கா. இலை இலையா எடுத்துப் பார்த்திருக்கா. ஒண்ணுமே இல்ல. நீ தின்னுடா" என்றேன்.

"விடுங்கப்பா" என்றான் ஓஃபிர்.

மஹீன் எழுந்து அந்தத் தட்டைத் தூக்கி அடுப்படிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். உட்காரவில்லை. ருஹாமாவிடம், "உன் டப்பாவை எடும்மா. பிள்ளைங்க பசியோட இருக்கு" என்றாள்.

ருஹாமா குனிந்து பையை எடுத்தாள். ஒரு டப்பாவின் மூடியில் கை வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அத்தை, அந்தச் சந்தைத் தழை பானைக்குள்ள போச்சா?"

"ஒரு இலைகூடப் போகல. பால்கனியில தனி வாளில கழுவினேன். சூப்புல மஞ்சளும் காய்ஞ்ச எலுமிச்சையும்தான்."

"கத்தி, பலகை?"

"தொடவே இல்ல. கையால பிச்சேன்."

"சரி" என்றாள் ருஹாமா. பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். பீங்கான் தட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். "எனக்குக் கோண்டி போடுங்க. பிள்ளைங்களுக்கும் போடுங்க. தழை வேண்டாம். இனிமே எது ஆகும், எது ஆகாதுன்னு நீங்களே சொல்லிடுங்க அத்தை. நான் ஒரு கேள்வியும் கேக்கமாட்டேன்."

ஓஃபிர் தன் மனைவியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இத்தனை காலம் இந்தப் பெண்ணை எவ்வளவு வைதிருப்பேன் என்று நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மஹீன் பானையைத் திறந்து பரிமாறினாள். மருமகளுக்கு, பிள்ளைகளுக்கு, கடைசியில் ஓஃபிருக்கு. சூப்பு மேசைத் துணியில் சிந்தியது, யாரும் துடைக்கவில்லை. தழையில்லாமல் கோண்டி தின்பதை என் மகன் வாழ்நாளில் அன்றுதான் செய்தான். வெறும் ரொட்டியோடு கடித்தான், மென்றான், விழுங்கினான். முழுவதும் தின்றுவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினான்.

"இன்னொண்ணு போடும்மா."

மஹீன் கரண்டியை என் கையில் திணித்தாள்.

"நீங்க போடுங்க. எனக்குக் கண்ணு தெரியல."