போதை மண்டகப்படி

இந்த வருட அம்மன் கொடை விழாவில் போதை மண்டகப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது.

மற்ற மண்டகப்படிகள் எல்லா ஊரிலும் உள்ளவைதான். ஒரு குடும்பம் பூ அலங்காரத்தை ஏற்கும், ஒரு குடும்பம் அன்னதானத்தை ஏற்கும். எங்கள் ஊரில் கொடை நடக்கும் நாட்களில் கோயில் பந்தலிலேயே எல்லாருக்கும் மது ஊற்றுவார்கள். ஆனால் யாருக்கும் போதை ஏறக்கூடாது என்று கமிட்டி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஏறுகிற போதை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். அதை ஒரு வீடு ஏற்றுக்கொள்ளும்.

என் பெயர் இசக்கியப்பன். தேய்ப்புக் கடை வைத்திருக்கிறேன். நான் குடித்ததில்லை. காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிடுகிற ஆள். என் வேட்டியின் மடிப்பைப் பார்த்துத்தான் ஊரில் துணி கொடுப்பார்கள். இதையெல்லாம் கமிட்டித் தலைவர் சொர்ணப்பாண்டியனிடம் எடுத்துச் சொல்லப் போனேன்.

கொடை முடியும்வரை தலைவர்தான் கொடிமரம். கோயில் வாசலில் நின்றார். இடுப்புவரை தர்ப்பை சுற்றி, மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். அண்ணாந்து பேச வேண்டியிருந்தது.

“எனக்குப் பழக்கமில்ல அண்ணாச்சி.”

“இதுல பழக என்னவே இருக்கு? நீரா குடிக்கப் போறீரு? மத்தவன் குடிப்பான். உமக்கு ஏறும்.”

“போன வருஷம் எடுத்த வீட்டுக்கே குடுக்கலாம்லா?”

“அங்க ஆளு தீந்துபோச்சு. ஒரு ஆளுக்கு ஒரு வருஷம். கடைசி ஆளும் போன வருஷம் எடுத்துட்டான்.”

“எனக்கப்புறம்?”

“உம்ம மக இருக்காள்லா.”

உச்சியில் மணிகள் ஆடின. அவர் தலையசைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு கோயில் மரியாதையாக என் தலையில் பரிவட்டத் துணியைக் கட்டினார்கள். சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பந்தலில் முதல் டம்ளர் ஊற்றப்பட்டபோது நான் கடையில் ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தச் சட்டைக் காலரின் மேல் பெரிய பிரியம் வந்தது. “உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்கமாட்டான்டா,” என்று அதனிடம் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அழுதேன். அதற்குள் முதுகுப் பக்கம் கருகிவிட்டது.

சட்டைக்காரர் எதிர்வீட்டுச் சிதம்பரவேல். பந்தலிலிருந்து நேராக வந்தார். கஞ்சி போட்ட காலர் போல நிமிர்ந்து நின்றார்.

“ஒரு சொம்பு முழுசாக் குடிச்சுட்டு வாரேன். நான் எப்படி நிக்கேன் பாரும். நீரு எப்படி நிக்கீரு?”

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி.”

“என் போதையையும் சேத்துத்தான் சுமக்கீரு, இல்லங்கல. கொஞ்சம் கௌரவமாச் சுமக்கக்கூடாதாவே?”

வெட்கமாக இருந்தது. என் மனைவி கோமதி வந்து என்னை அழைத்துப் போய் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். போதையை ஏற்ற முறைக்காரர் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். அவரை யாரும் பார்க்கமாட்டார்கள். பார்க்காத வரைக்கும் ஊரில் போதையே கிடையாது.

கொடையின் கடைசி நாள் பட்டிமன்றம். ஒவ்வொரு வருடமும் ஒரே தலைப்புதான். கொடையில் மது ஊற்றுவது ஊருக்குப் பெருமையா, சிறுமையா? ஒவ்வொரு வருடமும் பெருமையே என்று தீர்ப்பாகும். சிறுமை அணிக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். இந்த வருடம் என் மகள் முப்பிடாதி பேசப் போகிறாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அணி முழுவதும் அவள் ஒருத்திதான்.

அன்று காலை அவள் அறைக்குள் வந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, அது விழுந்துவிடாமல் காத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, நீங்க மேடைக்கு வரணும்.”

“நான் வெளிய வரக்கூடாதே.”

“போதையில ஒரு ஆளக் காட்டுன்னு நடுவர் கேப்பாரு. வருஷா வருஷம் காட்ட முடியாமத்தான் தோத்துப்போறாங்க.”

“என்னையவா காட்டப் போற?”

“வேற யாரு இருக்கா?”

“எல்லார் முன்னாலயுமா?”

“ஆமாப்பா. நான் ஜெயிச்சா இந்த மண்டகப்படியே கிடையாது. தோத்தா, தீர்ப்பு சொன்ன கையோட அடுத்த முறை எனக்குன்னு பரிவட்டம் கட்டிருவாங்க.” அவள் என் வேட்டியை இழுத்துச் சரிசெய்தாள். “வருவீங்களா?”

“வாரேன்.”

மனதாரத்தான் சொன்னேன். மானம் என் தலையோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டிமன்றம் உச்சி வெயிலில் நடக்கும். தீர்ப்பு வரும்வரை சூரியன் நகராது. அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. நான் தெருவில் இறங்கினேன். நடக்க நடக்கத் தெரு நீண்டுகொண்டே போனது. எங்கள் வீட்டையே பல தடவை கடந்தேன். ஒரு தடவை கோமதி வாசலுக்கு வந்து, “யாரத் தேடுதீய?” என்று மரியாதையாகக் கேட்டாள். “முப்பிடாதி அப்பாவை,” என்றேன். “அவுக வெளிய வரமாட்டாகளே,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தெருவில் நின்றவர்கள் என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மரியாதைக்காகத்தான். திரும்பி நின்றபடியே டம்ளரில் இருந்ததைக் குடித்தார்கள். அவர்கள் தொண்டையில் இறங்க இறங்க என் முழங்கால் மடங்கியது. நான் விழுந்தேன். எழுந்தேன். ஒரு ஆட்டுக்குட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மேடைக்கு வந்து சேர்ந்தபோது பெருமை அணி பேசி முடித்திருந்தது. நடுவர் வெளியூர்ப் பேராசிரியர். எதிரில் ஒரு பித்தளைச் சொம்பு. அவ்வப்போது ஒரு வாய் குடித்துவிட்டு, பிசிறில்லாத தமிழில் பேசினார். முப்பிடாதி மைக் முன்னால் நின்றாள். முகத்தில் வியர்வை. ஆனால் குரல் உறுதியாக இருந்தது.

“தாயே, அருமையாகப் பேசினாய்,” என்றார் நடுவர். “ஊரே குடித்திருக்கிறது. ஒருவருக்காவது கால் தடுமாறுகிறதா? போதையில் இருக்கும் ஒரே ஒரு ஆளைக் காட்டு. இப்போதே சிறுமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகிறேன்.”

“காட்டுறேன் ஐயா,” என்றாள்.

நான் மேடையில் ஏறினேன்.

படிகள் என்னை ஏற விடாமல் மாறி மாறி நின்றன. ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தபோது வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்து இழுபட்டது. நான் தேய்த்த வேட்டி. கூட்டம் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. மேடை என்பது பார்ப்பதற்குத்தானே. நான் துணி தேய்த்துக் கொடுக்கிற அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவர் ஒரு வாய் குடித்தார். உடனே மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் ஊறுகாய் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

முப்பிடாதி என்னைப் பார்த்தாள். அவள் விரல் என்னை நோக்கி எழுந்தது. பாதிதான் எழுந்தது. நான் அப்படியே நின்றிருக்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தேன். ஆனால் என்னை அறியாமல் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். தலையும் குனிந்துவிட்டது. இவ்வளவுதான் நான் செய்தது. இதை மட்டும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

அவள் விரல் இறங்கியது.

“யாரம்மா இவர்?” என்றார் நடுவர்.

“எங்க அப்பா.”

“போதையா?”

“இல்ல ஐயா. உடம்புக்கு முடியல. வெயிலு ஒத்துக்கல.”

எத்தனையோ வருடமாக வாசலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியவளைப் போல அதைச் சொன்னாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

“நிச்சயமாகவா?”

“எங்க அப்பா குடிக்கமாட்டாரு,” என்றாள். அதுவும் உண்மைதான்.

நான் துண்டை விலக்கினேன். எனக்குப் போதைதான், தலைக்கு மேல் போதை, இதோ பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “எனக்குப் போதையே இல்ல” என்று வந்தது. மறுபடியும் முயன்றேன். “நான் ஸ்டெடியா இருக்கேன்” என்று வந்தது. கூட்டம் கைதட்டியது.

“பெருமையே!” என்றார் நடுவர். சூரியன் நகர்ந்தது.

கொடிமரம் குனிந்தது. சொர்ணப்பாண்டியன் தன் கையாலேயே என் தலைத் துணியை அவிழ்த்து என் மகளின் தலையில் கட்டினார். அவள் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை வாதாடவில்லை. இவ்வளவு நேரம் மேடையில் வாதாடியவள்.

எனக்கு அந்தக் கணமே தெளிந்துவிட்டது. தலைவலிகூட இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் சட்டைப் பொத்தான் வரைக்கும் தெரிந்தது. பந்தலில் அடுத்த சுற்று ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். முப்பிடாதி லேசாகச் சிரித்தாள். அப்புறம் சத்தமாகச் சிரித்தாள். மேடைக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பாகவே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

“என்னையப் பாக்காதீங்கப்பா,” என்றாள்.

நான் அவள் பக்கம் போவதற்குள் சிதம்பரவேல் மேடையேறி வந்து என் தோளில் கை போட்டார். இன்னொரு கையில் டம்ளர் வைத்திருந்தார்.

“முறை முடிஞ்சுதுல்லா, இனி நீரும் குடிக்கலாம். உமக்கு ஏறாது.”

“எனக்குப் பழக்கமில்ல அண்ணாச்சி.”

“முறை முடிச்சவரு ஒரு வாய் குடிச்சாத்தான் ஊருக்கு நிறைவு. வேண்டாம்னு சொல்லி ஊரை அவமானப்படுத்தாதேயும்.”

கூட்டம் எழுந்து நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். நடுவரும் எழுந்து நின்றார். நான் வேட்டியை இழுத்துச் சரியாகக் கட்டிக்கொண்டேன். மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டேன். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். இவ்வளவு பேர் நிற்கும்போது எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி ஒரு மடக்குக் குடித்தேன்.

எனக்குப் பின்னால் முப்பிடாதி கால் மடங்கி உட்காரும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.