லெமன் கொடுத்த முத்தம்

அமெரிக்காவில் எங்கள் துலூத் ஊரில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல பவளம் கிடைத்தால் ஒரு துண்டை ஒடித்து நண்பனிடம் கொடுத்துவிடுவோம். நம் தொட்டி செத்தாலும் அவனிடம் அது உயிரோடு இருக்கும், திரும்ப வாங்கிக்கொள்ளலாம். என் நண்பன் ஆர்விட் தன் பச்சைப் பவளத்தில் ஒரு துண்டை எனக்கு அப்படித்தான் கொடுத்தான். இந்தக் குளிர்காலப் புயலில் கரண்ட் போய், அவன் தொட்டி மொத்தமும் விறைத்துச் செத்தது. இப்போது மறுபடி நிரப்பியிருக்கிறான். சனிக்கிழமைதான் தண்ணீர் பதத்துக்கு வருமாம், அன்று வந்து ஒரு துண்டு வாங்கிக்கொள்கிறேன் என்று போன் செய்தான்.

எனக்குச் சனி அதற்கு முன்பே பிடித்துவிட்டது. என் மனைவி லோர்னாவின் செல்ல மஞ்சள் மீன் லெமன். இத்தனை வருடம் சாதுவாக இருந்தது, திடீரென்று அந்தப் பவளத்தைக் கடிக்க ஆரம்பித்தது. பூப்போல விரிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி வெறும் எலும்பாயின. பாட்டிலை வெட்டிப் பொறி வைத்தேன்; நத்தை மாட்டியது. ஸ்பாகெட்டி வடிகட்டியைக் கவிழ்த்துப் பவளத்தை மூடினேன். வெளிச்சமில்லாமல் பவளம் இன்னும் வாடியது. பாறைகளைக் கலைக்காமல் அந்தச் சனியனைப் பிடிக்க முடியாது. கலைத்தால் மற்ற பவளமெல்லாம் உடையும். லோர்னாவோ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அது கடிக்கல, முத்தம் குடுக்குது” என்றாள்.

“அந்த முத்தத்துலதான் ஆர்விட் பவளம் எலும்பா நிக்குது.”

சனிக்கிழமை ஆர்விட் வாளியோடு வந்தான். கல்லில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தலை. ஒடித்துப் பங்கு போட வழியில்லை. நானும் ஆசை ஆசையாய் வளர்த்ததுதான். கல்லோடு எடுத்து அவன் வாளியில் இறக்கினேன். அவன் வாளிக்குள் குனிந்து பார்த்தான்.

“பெருசானதும் உனக்கு ஒரு துண்டு தர்றேன்டா. ஆனா அந்த மீன் உயிரோட இருக்கிற வரைக்கும் இல்ல” என்றான்.

நியாயம்தான். அவன் போனபிறகு, இந்த வகை மீன் எத்தனை வருடம் இருக்கும் என்று லோர்னாவைக் கேட்டேன்.

“நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருஷம் இருக்கும்” என்று பெருமையாகச் சொல்லி, லெமனுக்கு இன்னொரு சிட்டிகை தீனி போட்டாள்.

எனக்கு இந்த மாதம் எழுபத்தெட்டு முடிகிறது.