காவடிக்கு வந்த ரோடு

அனிதா பிறந்த வீட்டுக்குப் போனது பிரசவத்துக்கு. எல்லாப் பெண்களும் போவதுதான். ஆனால் கிளம்புகிற அன்றைக்குப் புருஷன் விஜயனிடம் அவள் சொல்லிவிட்டுப் போனது, எல்லாப் பெண்களும் சொல்வதல்ல.

"வாசல் வரைக்கும் ஆட்டோ வரட்டும் பாவா. அப்பத்தான் புள்ளையத் தூக்கிகினு வருவேன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற சாலையை விட்டுப் பிரிந்து உள்ளே போனால், அவர்கள் வீடு இருக்கிற கந்தவேல் நகர். வயலை மனையாக்கி, கல் நட்டு, வண்ணப் பலகை வைத்து விற்றார்கள். பலகையில் இருந்த அழகு தரையில் இல்லை. கார்த்திகை மழையில் ஆட்டோக்காரர் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போக, ஏழு மாத வயிற்றோடு சேற்றில் நடந்த அனிதா வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பயம் அவளையும் விடவில்லை, விஜயனையும் விடவில்லை.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. விஜயனுக்கு அரக்கோணத்தில் மின்சாமான் கடையில் வேலை. ஞாயிறு வந்தால் மாமனார் வீடு இருக்கிற பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறிவிடுவான். குழந்தையைக் கொஞ்சுவான். அது தூங்கியதும் ரோட்டுப் புராணத்தை ஆரம்பித்துவிடுவான். அனிதா தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற மனுஷனா அவன்?

அவன் தலைதான் சுற்றிக்கொண்டிருந்ததே! மனை விற்றவரைக் கேட்டால், ரோட்டுக்கான இடத்தை அப்போதே நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, இனி அவர்கள் பாடு என்றார். நகராட்சியில் கேட்டால், இடம் எங்களுடையதுதான், ஆனால் முதல் ரோட்டை மனை விற்றவர்தான் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். இரண்டுமே கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போதுதான், வந்த காரியம் வந்த இடத்திலேயே நிற்பது அவனுக்கு உறைக்கும்.

வார்டு கவுன்சிலர் தணிகைமணிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புதுக் குடியிருப்பு ரோடுகளுக்கான நிதி இந்த வருஷம் வேறு வார்டுகளுக்குப் போய்விட்டது என்றார். ஆனால் ஆடிக் கிருத்திகைக்கு நடந்து வருகிற பக்தர்களுக்கு வழி போட என்று தனியாக நிதி இருக்கிறது. கந்தவேல் நகருக்குள் புகுந்து போனால் மலையடிவாரத்துச் சரவணப் பொய்கைக்குக் குறுக்கு வழி. அந்த வழியாகக் காவடி போகிறது என்று கவுன்சிலில் காட்டிவிட்டால் போதும்.

"இன்ஜினீயர் வந்து பாப்பாரு விஜயா. மொதல்ல நீங்க நாலு பேரு எடுத்துகினு போங்க. அப்புறம் தானா கூட்டம் வரும்."

விஜயன் காவடி எடுத்ததே இல்லை. கோயிலுக்கும் யாராவது இழுத்துக்கொண்டு போனால்தான் போவான். வைகாசிக் கிருத்திகையன்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களோடு மஞ்சள் வேட்டியும் கழுத்து மாலையுமாக நின்றான். காவடிகளுக்குப் பூஜை போட்டது அதே தெருவில் இருக்கிற கௌரியம்மாள். வருஷம் தவறாமல் காவடி எடுக்கிறவள். என்ன வேண்டுதல் என்று அவள் கேட்டதும் விஜயன் முழித்தான். இந்தக் காவடி சாமிக்கா, இன்ஜினீயருக்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

"ரோடு," என்றான்.

கௌரியம்மாள் சிரிக்கவில்லை. அதையே நினைத்துக்கொண்டு நடக்கச் சொன்னாள்.

அவனும் அதையே நினைத்துக்கொண்டு நடந்தான். பம்பைச் சத்தம் ஏற ஏற அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. கணக்குக் காட்ட வந்தவனுக்கு அழுகை எதற்கு? அதுவும் புரியவில்லை. வேப்ப மரத்தடியில் நின்று இன்ஜினீயர் போனில் படம் எடுத்துக்கொண்டார். பொய்கையோடு நிறுத்திக்கொள்வதாகத்தான் பேச்சு. விஜயனால் காவடியை இறக்க முடியவில்லை. மலை ஏறிச் செலுத்திவிட்டுத்தான் இறங்கினான்.

கவுன்சிலில் தீர்மானம் நிறைவேறியது. ஆடி பிறந்ததும் வேலை தொடங்கியது. மண்ணைக் கெட்டிப்படுத்தி, சிவப்பும் சாம்பலுமாக சிமென்ட் கல் பதித்தார்கள். விஜயன் தினமும் வேலை விட்டு வந்ததும் அதில் நடந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவான். அவன் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

கடைசி நாள், தெரு முனையில் பள்ளம் தோண்டி இரும்புத் தூண்களை வரிசையாக நட்டு கான்கிரீட் போட்டார்கள். காவடி நுழையும். பைக்கைச் சாய்த்தால் நுழையும். ஆட்டோ நுழையாது.

பதறிப்போய் ஓடிக் கேட்டான். இன்ஜினீயர் பொறுமையாகவே விளக்கினார். வெறுங்காலோடு பக்தர்கள் நடக்கிற பாதையில் வண்டி விடக் கூடாது, நிதி ஒதுக்கியதே அந்த நிபந்தனையில்தான் என்றார்.

"நீங்க கேட்டதுதாங்க இது," என்றும் சொன்னார்.

அதுவும் உண்மைதான். விஜயனுக்குச் சண்டை போடவும் வழி தெரியவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு நிஜமாகவே காவடிகள் வந்தன. முன்பின் தெரியாதவர்கள் அவன் வீட்டு வாசலைத் தாண்டி அரோகரா சொல்லிக்கொண்டு போனார்கள். அவன் எல்லோருக்கும் மோர் கொடுத்தான். சந்தோஷப்பட வேண்டுமா, துக்கப்பட வேண்டுமா என்றுதான் விளங்கவில்லை. அனிதாவிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? அந்த ஞாயிறு அவன் பள்ளிப்பட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை.

ஆவணியில் ஒரு காலை, ஆட்டோ ஒன்று வந்து தூண்களுக்கு முன்னால் நின்றது. குழந்தையோடு அனிதா இறங்கினாள். விஜயன் ஓடினான். ஓடிய மூச்சு அடங்குவதற்குள், நிதி, கவுன்சில், காவடி, நிபந்தனை என்று எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டினான். அவள் முழுதும் கேட்டாள்.

"காவடி எடுத்தியே பாவா, சாமிய இன்னா கேட்ட?"

"ரோடு."

"எங்களக் கேக்கலியா?"

அவன் குழந்தையைப் பார்த்தான். அவள் விடவில்லை.

"ரோட்டுக்காக அத்தினி பேர் கிட்டப் போய் நின்ன. வாரா வாரம் வந்து ரோட்டயே பேசிகினு இருந்த. என்னை வான்னு ஒரு வாட்டி கூப்ட்டியா?"

இத்தனை மாதமாக யார் யாரோ விளக்கியதில் எதுவும் தெளிவாகாத மண்டைக்கு, இது ஒன்று சட்டென்று புரிந்தது. புரிந்ததும் வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"வா அனிதா," என்றான்.

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு தூண்களுக்கு நடுவே நுழைந்து வீட்டைப் பார்த்து நடந்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவளா, இருக்க வந்தவளா என்று தெரியாமல் விஜயன் நின்றான். அதற்குள் ஆட்டோக்காரர் பின்பக்கமிருந்து சாமான்களை இறக்க ஆரம்பித்திருந்தார். தொட்டில் சேலை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற டப், கொசுவலை, வாய் கட்ட முடியாமல் பிதுங்கிய இரண்டு பெரிய பைகள். விஜயன் அத்தனையையும் ஒரே நடையாக அள்ளிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.