பிறின்ஸ் போட்ட சோடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது இரண்டு பேர் மூக்கில் இரத்தம் வடிய அடித்துக்கொள்ளாமல் எங்கள் வீட்டில் இடியப்பம் இறங்காது. அடித்துக்கொள்வது தொலைக்காட்சியில்தான். அமெரிக்காவில் சனி இரவு நடக்கிற சண்டை, மட்டக்களப்புக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தன்னாமுனைக்கு வந்து சேரும்போது ஞாயிறு விடிந்துவிடும். அதைத் தவறவிடக்கூடாது என்பதற்காகவே என் கணவர் பிறின்ஸ் தேவாலயத்தில் விடியற்பூசைக்கே போய் வந்துவிடுகிறார். ஊரில் அவரைப் பெரிய பக்திமான் என்கிறார்கள். நானும் மறுத்துச் சொல்வதில்லை.

பூசை முடிந்து அவர் வரும்போது அவருடைய சிநேகிதர் உதயரூபன் விறாந்தையில் காத்திருப்பார். ஆரையம்பதியில் பெண் எடுத்தவர், தபால் கந்தோரில் வேலை. ஒரு சட்டி தயிரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டி வருவார். பிறின்ஸ் வாவியில் ஓடும் தோணிகளுக்கு எஞ்சின் திருத்துகிறவர். இரண்டு பேருமே வாழ்க்கையில் ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை. கரப்பான் பூச்சி வந்தால்கூட பிறின்ஸ் என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த இந்த எம்.எம்.ஏ. சண்டையில் இவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எந்தச் சாம்பியன் யாரோடு மோதவேண்டும் என்பதை இவர்களைக் கேட்காமலே யாரோ முடிவு செய்கிறார்கள் என்பதுதான் இவர்களுடைய தீராத கவலை.

"அந்தச் சாம்பியன் ஒளிக்கிறான் மச்சான்," என்று தொடங்குவார் உதயரூபன். "அடுத்த இடத்துக்காரன் ஒண்டரை வருசமாக் காத்துக் கிடக்கான். இவர் என்னெண்டா வேற எடைக்குப் போய் விளையாடுறார்."

"அவனில பிழையில்ல. சோடி போடுறவனுகளிலதான் பிழை. இன்னும் நேரம் வரல்ல, சனம் கேக்கட்டும், சண்டை பழுக்கட்டும் எண்டு சொல்லிச் சொல்லியே நல்ல சண்டையெல்லாம் அழுக விட்டுப்போடுவானுகள்."

"காத்துக் கிடக்கிறவனுக்கு ஒரு இடைக்கால சாம்பியன் பெல்ட்டாவது குடுத்திருக்கலாம்."

"இடைக்கால பெல்ட்டா? அது வாடகை வீடு மாதிரி. இருக்கலாம், என்ட எண்டு சொல்ல ஏலா."

எனக்குச் சீதனமாக வந்த வீட்டின் விறாந்தையில் சாய்ந்துகொண்டுதான் பிறின்ஸ் இதைச் சொன்னார்.

பிறின்ஸ் முகநூலில் ஒரு பக்கமும் நடத்துகிறார். வாராவாரம் வெளிநாட்டுச் சண்டை ஏற்பாட்டாளர்களை அதில் தமிழில் கிழித்துத் தொங்கவிடுவார். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்பது அவருடைய உற்சாகத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. ஆனால் அதைத் தவறாமல் வாசிக்கிற ஒருவர் மட்டக்களப்பு நகரத்தில் இருந்தார். தோமஸ் மாஸ்டர். பழைய குத்துச்சண்டைக்காரர். நகரத்தில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து இந்தச் சண்டையைப் பழக்குகிறார்.

பிறின்ஸின் தங்கை மேர்லின் அங்கேதான் பழகுகிறாள். பகலில் பாமசியில் மருந்து கொடுப்பாள், பின்னேரம் கையில் துணி சுற்றிக்கொண்டு பையைக் குத்துவாள். உதயரூபனின் தங்கை யசோதினியும் அங்கேதான். உன்னிச்சையில் தாய் தகப்பனோடு இருக்கிறாள், பஸ்ஸில் வந்து போவாள். வயல் வட்டைக்குள் நெல் மூட்டை தூக்கிய தோள் அவளுக்கு. மேர்லினுக்குக் கை வேகம், யசோதினிக்குப் பிடி இறுக்கம், இரண்டு பேருக்கும் ஒரே எடை. பயிற்சியில் மாஸ்டர் இவர்களை முழு வேகத்தில் மோதவிடுவதில்லை.

"யசோவோட ஒருக்கா மெய்யா மோதணும் மச்சாள்," என்று என் அடுப்படியில் நின்று மேர்லின் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். "இந்தப் பக்கத்தில என்னைச் சோதிக்கக்கூடிய ஆள் அவ ஒராள்தான். நான் இதுக்கு ஏத்த ஆளா, இல்லாட்டிப் பின்னேரத்தில உடம்பு அசைக்கிற ஆளா எண்டு எனக்குத் தெரியணும்."

இந்த வருடம் மாஸ்டர் முதல்முறையாக ஒரு போட்டி வைக்கத் தீர்மானித்தார். ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஆட்களின் பெயர்களையும் எடைகளையும் பிறின்ஸிடம் கொடுத்தார்.

"உலகத்தில ஒருத்தனுக்கும் சோடி போடத் தெரியாது எண்டு எழுதுறீங்கதானே," என்றார். "இந்தாங்க. நீங்க ரெண்டு பேரும் போட்டுத் தாங்க. எடை எடையா பெல்ட்டும் இருக்கு."

அன்று எங்கள் மேசையில் நடந்ததை நான் இடியப்பம் பிழிந்துகொண்டே பார்த்தேன். ஆண்களுக்குச் சோடி போட்டபோது இரண்டு பேரும் நீதிபதிகள்தான். கை நீளம் பார்த்தார்கள், பழகிய காலம் பார்த்தார்கள், ஏறாவூர்ப் பொடியன் ஒருவனுக்கு முழங்கால் நோவு என்று அவனுடைய சண்டையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகு பெண்கள் முறை வந்தது. மேர்லினும் யசோதினியும்தான் பெல்ட்டுக்கு மோதவேண்டும் என்பது இடியப்ப உரலுக்கும் தெரியும். இரண்டு பேரும் தாளை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளினார்கள்.

"மச்சான், இந்தச் சண்டை இப்ப போடுற சண்டை இல்ல," என்றார் பிறின்ஸ் மெதுவாக.

"மெய்தான். இன்னும் நேரம் வரல்ல."

"சனம் கேக்கட்டும்."

"பழுக்கட்டும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டேன். அரை மணித்தியாலத்தில் காரியம் முடிந்தது. மேர்லினுக்கு எங்கள் பக்கத்து வீட்டுக் கோணாமலை அண்ணனின் மகள், அவள் பழக வந்து சேர்ந்தே கொஞ்ச நாள்தான். யசோதினிக்கு இன்னொரு புதுப் பிள்ளை. பெண்களுக்கு இந்த முறை பெல்ட் கிடையாது. இரண்டு பேரும் நிம்மதியாக ஆளுக்கு ஒரு கோப்பை தயிர் அடித்தார்கள்.

புதன்கிழமை மாஸ்டர் சோடிகளை வாட்ஸ்அப்பில் போட்டார். அன்று பின்னேரமே மேர்லினின் ஸ்கூட்டி எங்கள் முற்றத்தில் நின்றது. பக்கத்தில், வரக்கூடாத நேரம் பார்த்து வந்த உதயரூபனின் மோட்டார் சைக்கிளும் நின்றது. ஓய்வெடுத்த ஒரு சாம்பியன் திரும்ப வரலாமா கூடாதா என்று பேச வந்திருந்தார்.

"இது ஆர் போட்டது?" என்று மேர்லின் தொலைபேசியை நீட்டினாள்.

"நாங்கதான் புள்ள," என்றார் பிறின்ஸ். "இப்பயே உங்க ரெண்டு பேரையும் விட்டா மறுகா ஒண்டும் மிஞ்சாது. கொஞ்சம் வளர விடணும்."

"நான் என்ன கீரையா?"

உதயரூபன் தயிர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மேர்லின் யசோதினியை அழைத்து, தொலைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"எங்கட அண்ணன் அங்கயா இருக்கார் அக்கா?" என்றது யசோதினியின் குரல்.

"ஓம். தயிர் தின்னுறார்."

"இல்ல புள்ள, உன்ட நல்லதுக்குத்தான்…" என்று தொடங்கினார் உதயரூபன்.

"அண்ணன், ஒண்டு மட்டும் சொல்லுங்க. மேர்லின் அக்கா என்னை வெண்டு போடுவா எண்டு பயமா?"

"சீ, அப்பிடியில்ல."

"பிறின்ஸ் அண்ணன், நான் அவவ வெண்டு போடுவன் எண்டு உங்களுக்குப் பயமா?"

ஞாயிறுதோறும் அமெரிக்கா வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துகிற இரண்டு பேரும் தயிர்ச் சட்டிக்கு மூடி தேடினார்கள். மேர்லின் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் இறங்கித்தான் வந்தது.

"போன கிழமை ஒருத்தன ஒளிக்கிறான் ஒளிக்கிறான் எண்டு இஞ்ச இருந்து ஏசினாரே உங்கட சிநேகிதர். அவனாவது தானா ஒளிச்சான். என்னைக் கேக்காம என்னை ஒளிச்சு வச்சது நீங்க."

"உன்ட முகத்தில ஒருத்தி குத்துறத நான் பார்த்துக்கொண்டு இருக்கணுமா?"

"பார்க்க ஏலாட்டி வராதீங்க."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதுவரை வேடிக்கை பார்த்த எனக்கு இனிச் சும்மா இருக்க மனம் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு வேறு ஒன்றும் வேண்டாம், தன்னைத் தெரிந்துகொள்ள ஒரு சண்டைதான் வேண்டும். அதையும் இந்த இரண்டு பக்திமான்களும் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

"இஞ்ச, வாற ஞாயிறு அந்தப் பெரிய சண்டை இருக்குதானே?" என்றேன்.

"ஓம்," என்றார் பிறின்ஸ் சந்தேகத்தோடு.

"வீடு என்ட. டிவி என்ட. இந்தப் பிள்ளைகளுக்குச் சண்டை இல்லாட்டி உங்களுக்கும் சண்டை இல்ல. ரெண்டு பேரும் பூசைக்கு ரெண்டு தரம் போயிட்டு வாங்க."

"நான் சைவம் தங்கச்சி," என்றார் உதயரூபன்.

"அப்ப நீங்க கோயிலுக்குப் போங்க."

பிறின்ஸ் என்னைப் பார்த்தார், தொலைக்காட்சியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு மாஸ்டருக்கு அழைத்துச் சோடியை மாற்றச் சொன்னார். மாஸ்டர் எதிர்முனையில் சிரித்த சிரிப்பு விறாந்தை வரை கேட்டது. பெண்களின் பெல்ட்டை அவர் எப்போதோ காத்தான்குடியில் தைக்கக் கொடுத்துவிட்டாராம்.

போட்டியன்று அண்ணன்மார் இரண்டு பேரையும் சண்டை மேடைக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று தங்கச்சிமார் தடுத்துவிட்டார்கள். நாங்கள் நான்காவது வரிசையில் இருந்தோம். முதல் ரவுண்டில் மேர்லினின் இடது கை போன வேகத்தை எனக்குக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. யசோதினியின் தலை இரண்டு தரம் பின்னுக்குப் போனது. உதயரூபன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது ரவுண்டில் யசோதினி குனிந்து புகுந்து மேர்லினைத் தூக்கிப் போட்டாள். இப்போது பிறின்ஸ் கண்ணை மூடினார். ஒரு சண்டையை ஆளுக்குப் பாதி பார்த்த இரசிகர்களை நான் அன்றுதான் கண்டேன். குனிந்து பார்த்தபோது இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

மூன்றாவது ரவுண்டை இரண்டு பேரும் கண் திறந்தே பார்த்தார்கள். மேர்லின் நன்றாகக் குத்தினாள், ஆனால் மறுபடியும் விழுந்தாள். கீழே கிடந்தபடியே யசோதினியின் கையை மடக்கிப் பூட்டப் பார்த்தாள். மண்டபம் எழும்பி நின்றது. விழுந்தால் சண்டையே முடிந்துவிடுகிற அந்தப் பூட்டு விழுவதற்குள் மணி அடித்துவிட்டது. நடுவர்கள் மூன்று பேரில் இரண்டு பேர் யசோதினிக்குப் போட்டார்கள். பெல்ட் உன்னிச்சைக்குப் போனது. உதயரூபன் எழும்பிக் கத்த வாயைத் திறந்து, பிறின்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்ப இருந்தார்.

வீட்டுக்குப் போக எங்கள் ஓட்டோவில் ஏறினோம். பிறின்ஸ் ஓட்டினார், நானும் மேர்லினும் பின்னால். அவள் வீங்கிய புருவத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு வெளியே வாவியைப் பார்த்தபடி வந்தாள். பிள்ளையாரடி தாண்டியதும் முன்பக்கம் திரும்பினாள்.

"அண்ணன்," என்றாள். "நீங்க எப்பிடிப் புள்ளி போட்டீங்க?"

பொய் சொல்லுங்கள் மனுசா, ஒரு நாளைக்கு மட்டும் பொய் சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். எந்த ஊரில் யார் தோற்றாலும் நடுவர்களைக் கள்ளன்மார் என்று எழுதுகிற ஆளுக்கு இதைச் சொல்வது என்ன பெரிய காரியமா.

"முதலாவது உன்ட," என்றார் பிறின்ஸ், வீதியிலிருந்து பார்வையை எடுக்காமல். "மற்ற ரெண்டும் அவட."

"மூண்டாவதுமா?"

"ஓம். பூட்டுக்குப் போனது நல்லம். ஆனா பூட்டு விழல்ல. கீழ கிடந்தது நீதான்."

மேர்லின் ஐஸ் பையை மடியில் வைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து அவள் தோளில் கை வைத்தேன்.

"நானும் அப்பிடித்தான் போட்டன்," என்றாள். அவள் மூச்சு விட்ட விதத்தில், அவளுக்குப் பயமாக இருந்தது தோல்வியல்ல, அண்ணன் சொல்லப்போகும் ஆறுதல்தான் என்று எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அடுத்த முறையும் யசோவோட என்னைப் போடுங்க," என்றாள்.

"ஏலா."

"ஏன்?"

"தோத்த கையோட பெல்ட்டுக்கு விடுறதா? அது சரியில்ல. திருகோணமலையில ஒருத்தி இருக்கா, அவட வீடியோ எல்லாம் பார்த்திட்டன். அவவ அடிச்சிட்டு வா. மறுகா யோசிப்பம்."

"இந்தப் பிள்ளைக்கு இன்னும் முகமே வீங்கி முடியல்ல," என்றேன் நான். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை. மேர்லின் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனின் காதுப் பக்கம் குனிந்தாள்.

"அவ உயரமா?"

"உன்னை விட உயரம். இடக்கைக்காரி. உனக்கு நல்லாக் கஷ்டம் தருவா," என்றார் பிறின்ஸ்.