நான்கு தோள் பதிந்த பலகை

முனிசிபாலிட்டிக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில் வீடு கிடைத்ததும் இஞ்ஞாசி முதலில் செய்த வேலை, சுவரில் அடித்திருந்த ரோஸ் நிறத்தைச் சுரண்டியதுதான். பிறகு சுண்ணாம்பு ஊறவைத்து, வேலைக்குப் போகாமல் இருந்து மூன்று நாளில் மூன்று பூச்சு பூசினான். அவன் மனைவி பிலோமி அந்த மூன்று நாளும் அவனோடு பேசவில்லை.

முப்பது வருடமாக மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடைகளுக்குச் சுமை தூக்குகிறவன் அவன். இடித்த வீட்டுக் கதவு, தேக்குப் பெட்டி, ஆளுயரப் பரணி ஜாடி எல்லாம் அவன் தோளில்தான் உள்ளே போகும். வெள்ளைக்காரர்கள் வாங்கிய பிறகு அதே தோளில் வெளியே வரும். இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குகிற நேரத்தில், கடைக்காரர்கள் அதை எங்கே, எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பான். பார்த்துப் பார்த்து ஒன்று பிடிபட்டது. ஒரு சுவருக்கு ஒரு பொருள் போதும். சுற்றிலும் இடம் விட்டால்தான் பொருளுக்கு முகம் வரும்.

வீட்டையும் அப்படியே ஒழுங்கு செய்தான். மழைக்காலம் முடிந்து கடற்கரையில் ஒதுங்கிய வேர்க்கட்டை ஒன்று, உப்பில் ஊறி எலும்பு நிறமாகி, ஒரு மூலையில் நின்றது. வாய் உடைந்த பரணியில் காயலோரத்து நாணல். சீன மீன்வலையில் எடைக்குக் கட்டித் தொங்கவிடுகிற கருங்கல் ஒன்று ஜன்னல் திட்டில். குடிவந்த வாரம் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு செலின், சாமான் எல்லாம் பின்னாடி வண்டியில் வருகிறதா என்று கேட்டாளாம். பிலோமி அதை ஒரு மாதம் சொல்லிக் காட்டினாள். இஞ்ஞாசி வேலை முடிந்து வந்து தரையில் காலை நீட்டி உட்காருவான். நாள் முழுக்கச் சாமானுக்கு நடுவே கிடந்த உடம்புக்கு அந்த வெறும் சுவர் பெரிய ஆறுதல்.

அந்த வீட்டிலேயே அவனுக்கு ரொம்பப் பிடித்தது ஜன்னலுக்குக் கீழே இருந்த பெஞ்சு. ஆறடிக்கு மேல் நீளமான தேக்குப் பலகை. இரண்டு ஓரத்திலும் கழி ஓடி, முன்னும் பின்னும் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். கால் இல்லை என்று யாரும் வாங்கவில்லை. குடோனைக் காலி செய்தபோது முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். நீட்டிக்கொண்டிருந்த நாலு முனையிலும் வழுவழுவென்று பள்ளம் விழுந்திருந்தது. கையை வைத்ததும் இஞ்ஞாசிக்குத் தெரிந்துவிட்டது, அது தோள் தேய்த்த பள்ளம். தன்னைப் போல எத்தனையோ பேர் தூக்கியிருக்கிறார்கள். எதைத் தூக்கினார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிற வழக்கம் அவன் தொழிலில் கிடையாது. எவ்வளவு கனம், எங்கே இறக்கணும், இரண்டே கேள்விதான். இரண்டு செம்புரைக்கல்லின் மேல் பலகையைத் தூக்கிவைத்து, எண்ணெய் போட்டுத் துடைத்தான்.

மகள் டெல்மாவைப் பெண் பார்க்க, காயலுக்கு அக்கரையில் இருக்கிற வைப்பினிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் வீட்டில் சண்டை முற்றியது. பையன் நெல்சன், படகு என்ஜின் மெக்கானிக். டெல்மா வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து பழக்கமானவன். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. இனி அவன் அம்மா திரேசம்மா சம்மதிக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் நெல்சன் மீற மாட்டான் என்று டெல்மாவே சொல்லியிருந்தாள்.

பிலோமி செலினின் சோபாவை ஒரு நாளைக்கு இரவல் கேட்டு வைத்திருந்தாள். இஞ்ஞாசி கூடாது என்றான்.

“வர்றவங்க இங்க இப்பத்தான் ஜப்தி நடந்திருக்குன்னு நெனப்பாங்க. கட்டை, கல்லு, நாணல். இதுக்குப் பேசாம கடற்கரையிலயே பொண்ணைக் காட்டியிருக்கலாம்” என்றாள் பிலோமி.

கடைசியில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சம்மதித்தான்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். நெல்சன், திரேசம்மா, அவருடைய அண்ணன் அவறாச்சன். அவறாச்சன் அவர்கள் ஊர்க் கோயிலில் மணியடித்துப் பீடம் துடைக்கிற கப்யார். திரேசம்மா கனத்த உடம்புக்காரர். பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, இதுதான் தாங்கும் என்றார். இஞ்ஞாசி பெருமையாக மனைவியைப் பார்த்தான்.

அவறாச்சன் உட்காரவில்லை. குனிந்து கழியின் முனையைத் தடவிக்கொண்டே இருந்தார். இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இஞ்ஞாசி நாலு பள்ளத்தையும் காட்டினான். இந்தப் பக்கம் ஆழம் கூடுதல், சுமை இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று விளக்கினான். அடியில் சிலுவை செதுக்கியிருக்கிறதா என்று அவறாச்சன் கேட்டார். இருக்கிறது, பழைய வீட்டுக்காரரின் அடையாளம் என்றான் இஞ்ஞாசி.

“சேட்டா, இதுல சாமான் தூக்கல” என்றார் அவறாச்சன். “பெட்டி வாங்க வழியில்லாதவங்களை இதுல கிடத்தித்தான் அந்தக் காலத்துல கல்லறைக்குக் கொண்டுபோவாங்க. எங்க கோயில்லயும் ஒண்ணு இருந்துச்சு.”

திரேசம்மா மெதுவாக எழுந்தார். டீத் தட்டோடு வந்த டெல்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இது இங்க இருக்கறவரைக்கும் எனக்குத் தண்ணிகூட வேண்டாம்” என்றார் திரேசம்மா. குரலை உயர்த்தவில்லை.

லிஃப்டில் பலகை நுழையாது. ஒன்பது மாடியும் படிதான். இறங்கும்போது கீழே நிற்கிறவன் மேல்தான் கனம் முழுக்க வரும். இஞ்ஞாசி அந்த முனைக்குப் போவதற்குள் நெல்சன் சட்டைக் கையை மடித்துவிட்டு அங்கே குனிந்திருந்தான். மேலே வா, அது என் வேலை என்றான் இஞ்ஞாசி.

“நீங்க தினமும் தூக்கறீங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை” என்றான் நெல்சன்.

ஏழாம் மாடியில் ஒருத்தர் கதவைத் திறந்து, வீடு மாற்றுகிறீர்களா என்று விசாரித்தார். இல்லை, பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று இஞ்ஞாசி உள்ளதைச் சொன்னான். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்தாம் மாடியில் இறக்கி வைத்தார்கள். நெல்சனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“அம்மா இனி சம்மதிக்க மாட்டாங்க, இல்ல?” என்று கேட்டான் இஞ்ஞாசி.

“தெரியல. கோபம்னா கத்துவாங்க. இன்னிக்குக் கத்தல. அதான் எனக்குப் புரியல.”

பலகையைச் சைக்கிள் கொட்டகையில் வைத்துச் சாக்கு போட்டு மூடினார்கள். பின்னாலேயே லிஃப்டில் வந்த அவறாச்சன், நாளைக்கு வண்டி கொண்டுவந்து தங்கள் கோயிலுக்கு எடுத்துப்போவதாகச் சொன்னார்.

மேலே வந்தபோது பிலோமி வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். இஞ்ஞாசியைத் தனியாக இழுத்துக் கிசுகிசுத்தாள். திரேசம்மாவின் அப்பன் இறால் வளர்க்கிற குளத்தில் கூலி வேலை பார்த்தவர். இவருக்கு ஒன்பது வயதில் அவர் போய்விட்டார். கோயில் பலகையில் வைத்துத்தான் கொண்டுபோனார்களாம். நீளம் போதாமல் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அந்தக் காலையே பார்த்துக்கொண்டு இவர் பின்னால் நடந்தாராம். இதையெல்லாம் டெல்மாவிடம்தான் சொன்னார். டெல்மா ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியருகே தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

இஞ்ஞாசி உள்ளே போய் திரேசம்மாவின் முன்னால் நின்றான்.

“சேச்சி, என்ன ஏதுன்னு கேக்காம கொண்டுவந்துட்டேன். என் தப்புதான்.”

திரேசம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வேற என்னல்லாம் கேக்காம கொண்டுவந்திருக்கு?”

அவன் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, கிடைத்த இடத்தைச் சொன்னான். கட்டை, கடல் போட்டது. நாணல், தானே அறுத்தது. கல், வலைக்காரன் தந்தது. திரேசம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு வெள்ளைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க முன்னறையில கால் வைக்க எடமில்ல. சாமானா அடைச்சு வச்சிருக்கேன். கல்யாணத்துக்கு நாலு பேர் வந்தா எங்க நிப்பாங்க? அடுத்த ஞாயிறு வந்து, எதையெல்லாம் எடுக்கணும்னு சொல்லுங்க. தூக்கிப்போட நெல்சன் இருக்கான். ஆனா புதுசா ஒரு குச்சிகூட உள்ள வரக்கூடாது.”

இஞ்ஞாசி சரி என்றான். எந்தக் கல்யாணம், எப்போது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. பிலோமிதான் கேட்டாள்.

“நோம்பு கழியட்டும்” என்றார் திரேசம்மா. “ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டாவது வாரம். டெல்மாவுக்கு லீவு கிடைக்குமான்னு அவளைக் கேளுங்க.”